தன் விலாசம் தெரியாத துரை

கொழந்த பொறந்தா அழும். கன்னுக்குட்டி பொறந்தா எழுந்து நிக்கப் பாக்கும். ஒங்க கம்பெனி சர்வரு மட்டும் கண்ணு முழிச்ச ஒடனே "என்னோட முழு விலாசம் இன்னா?"ன்னு கேக்குதாமே நைனா! அதுக்குப் பதில் சொல்லத் தெரியாம, படிச்ச புள்ளைங்க ஒரு ரூம்பு நெறைய ஒக்காந்து ராத்திரியெல்லாம் மண்டைய ஒடச்சிக்கிறீங்களாமே! கேட்டதும் எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. ஒங்க ஆயா இருக்குற வரைக்கும், "இந்தப் புள்ளலூர்ல சைக்கிள ஒருட்டிக்கினு கடுதாசி குடுக்குறதெல்லாம் ஒரு வேலையா"ன்னு என்னிய இடிச்சிக்கினே இருந்தா. அவ இன்னிக்கு இருந்திருக்கணும். ஒங்க மாதிரி ஆளுங்களுக்கு கிராமத்துத் தபால்காரன் புத்தி தேவைப்படுது பாரு.

நான் எட்டாங்கிளாசு. கம்ப்யூட்டரத் தொட்டதே இல்ல. போன ஞாயித்துக்கெழம போன்ல ஒன் சிநேகிதங்கூட நீ கத்திக்கினு இருந்தியே, அதக் காதுல வாங்குனதுதான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு வித்தை. தப்பிருந்தா தாத்தான்னும் பாக்காம தலையில ஒரு குட்டு வை.

ஒங்க சர்வீசுக்கு விலாசம் இன்னாத்துக்கு வேணும்? நடுராத்திரியில அதுபாட்டுக்கு கஸ்டமருக்கு மெயில் போடுது, "ஒங்க பாஸ்வேர்ட மாத்த இங்க அமுக்குங்க"ன்னு. அந்த "இங்க" எங்கன்னு எழுதணும். பணம் கட்டுற எடத்துக்கு ஆள அனுப்புனா, கட்டி முடிச்சிட்டு எங்க திரும்பி வரணும்னு பேங்குக்காரனுக்குச் சொல்லணும். பழைய காலத்து சோப்பு சர்வீசா இருந்தா, விஸ்டில்னு ஒரு ஜாதகக் குறிப்பு எழுதி, அதுல "நான் இங்க இருக்கேன்"னு போடணும். சரிதான். விலாசம் வேணுந்தான். வேணாம்னு யாரு சொன்னது?

அந்த விலாசத்துல நாலு துண்டு. எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸான்னு மொத துண்டு. அப்பால ஹோஸ்ட்டு பேரு. அப்பால போர்ட்டு நெம்பரு. கடைசியா பாதை. எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443ன்னா போர்ட்ட எழுதாமலே வுட்டுடலாம், பிரவுசரே புரிஞ்சிக்கும். இந்த நாலு துண்டும் சர்வரு எழுந்திருக்கும்போதே தெரியணும்னு அடம் புடிக்கிறீங்க. இதுக்கு ஒங்க பசங்க பண்ண கூத்த வரிசையா சொல்றேன் கேளு. நீ சொன்னதுதான். நான் ஒண்ணியும் சேத்து சொல்லல, கொஞ்சம் உப்பு போட்டிருக்கேன் அவ்ளோதான்.

மொதல்ல ஒருத்தன் இன்னா பண்ணான்? சர்வரு எந்த எடத்துல காது குடுத்துக்கினு ஒக்காந்திருக்குதுன்னு லாக்க தொறந்து பாத்தான். 0.0.0.0:8080ன்னு இருந்துச்சு. ஆகா, கெடச்சிட்டுது பொக்கிஷம்னு அத அப்படியே தூக்கி மெயில்ல ஒட்டிட்டான். அடப்பாவி! நாலு சைபரு போட்டா "இந்த மெஷினுக்கு எத்தினி வாசல் இருக்குதோ, எதுல தட்டுனாலும் தொறப்பேன்"னு அர்த்தம். அது விலாசம் இல்ல நைனா, தாராள மனசு. தாராள மனசுக்குக் கடுதாசி போட்டா எந்தத் தபால்காரன் கொண்டு போவான்?

ரெண்டாவது புள்ள கொஞ்சம் கெட்டிக்காரன். ஜாவாவுல கெட்-லோக்கல்ஹோஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்குதாமே, "இந்த மெஷின் பேரும் நெம்பரும் குடு"ன்னு கேட்டான். அது 127.0.1.1னு சொல்லிச்சு. டெபியன், உபுண்டு போட்ட மெஷின்ல எட்சி ஹோஸ்ட்சு ஃபைல தொறந்தா ரெண்டாவது வரியில மெஷினு பேருக்கு நேரா அதத்தான் எழுதி வெச்சிருப்பானாம். 127ல ஆரம்பிச்சா அம்புட்டும் தன்னைத்தானே கூப்புட்டுக்கிற நெம்பரு. கஸ்டமரு அந்த லிங்க்க அமுக்குனா, அவன் லேப்டாப்பு அவனையே போய்த் தட்டும். உள்ள யாரும் இல்லன்னு அதுவே திரும்பி வரும். தன் வூட்டுக் கதவத் தானே தட்டிட்டு, தானே "வூட்ல ஆள் இல்ல"ன்னு சொல்ற பைத்தியம் நம்ம ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு யாரும் சம்பளம் குடுக்கல.

மூணாவது ஆளு ஆராய்ச்சிக்காரன். மெஷின்ல இருக்குற எல்லா நெட்வொர்க் கார்டையும் வரிசையா கேட்டான். ஒண்ணு 192.168ன்னுது. ஒண்ணு 10ன்னுது. டாக்கரு போட்டுக்கின பாலம் 172.17.0.1ன்னுது. இதுல எது நெசமான விலாசம்னு சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுத்தான். சீட்டுக் குலுக்குறதுன்னா குடவோலை, நம்ம பக்கத்து உத்திரமேரூரு சமாச்சாரம். பராந்தகச் சோழன் காலத்துல, 919லயும் 921லயும், சபைக்கு ஆள் எடுக்க எழுதி வெச்ச மொறை அது. அதுலயும், 921ல எழுதுனபடி, குடத்துல பேரு போடுறதுக்கு முன்னாடி நெலம் இருக்குதா, சொந்த மனையில வூடு இருக்குதா, வயசு 35க்கு மேல 70க்கு உள்ள இருக்குதான்னு பாத்துட்டுத்தான் ஓலை போடுவான். ஒங்காளு எதையும் பாக்காம ஓலை எடுத்திருக்கான். அந்த மூணு நெம்பரும் வூட்டுக்குள்ள கூப்புடுற பேருன்னு 1996லயே எழுதி வெச்சிட்டானாமே. 10ல ஆரம்பிக்கிறது, 172.16லேர்ந்து 172.31 வரைக்கும், 192.168 — இதெல்லாம் கோடிக்கணக்கான வூட்ல ஒரே நேரத்துல இருக்குது. இந்த மாதிரி நெம்பரு மொத்தமே 429 கோடிச் சொச்சம், ஒலகத்துல இருக்குற மெஷினுக்கெல்லாம் பத்தலன்னுதான் வூட்டுக்கு வூடு இப்படி ஒதுக்குனது. வூட்ல ஒன்னிய "குட்டி"ன்னு கூப்புடறோம். வெளியூர்லேர்ந்து "குட்டி, இந்தியா"ன்னு கடுதாசி வந்தா நான் எத்தினி குட்டிய தேடுறது?

நாலாவது ஆளு அமேசான்காரன் வாடகை மெஷின்ல இருக்குறவன். அங்க 169.254.169.254னு ஒரு நெம்பரு இருக்குது, அதக் கேட்டா வெளியில தெரியிற ஐபி நெம்பர சொல்லும். அதயும் கேட்டு வாங்கிட்டான். இவன் பரவால்ல, தெருவரைக்கும் வந்துட்டான். ஆனா எச்டிடிபிஎஸ் சர்டிபிகேட்டு பேருக்குத்தான் வாங்கி இருக்கீங்க, நெம்பருக்கு வாங்கல. நெம்பர வெச்சி வந்தா பிரவுசரு "இது பாதுகாப்பு இல்ல"ன்னு செவப்பு கொடி காட்டிச்சு. நாளைக்கு அந்த மெஷின நிறுத்தி திரும்பி எழுப்புனா நெம்பரும் மாறிடும். வாடகை வூட்டு வாசல்ல பேர பித்தளையில செதுக்கி மாட்டுனவன் கதைதான்.

இப்ப தாத்தா ஒரு கேள்வி கேக்குறேன். நீங்க யாரைக் கேட்டீங்க? மெஷினக் கேட்டீங்க, கார்டக் கேட்டீங்க, வூட்டுக்காரனக் கேட்டீங்க. சர்வரு தன்னப் பாத்தே தன் விலாசத்தத் தெரிஞ்சிக்கணும்னு எதிர்பாத்தீங்க. விலாசம்ன்றது உள்ள இருக்குறவன் சொத்து இல்ல நைனா. வெளியிலேர்ந்து வர்றவன் கூப்புடுற பேரு அது.

நம்ம ஊரயே எடுத்துக்க. பல்லவன் மகேந்திரவர்மன் இங்க சண்ட போட்டு ஜெயிச்சான்னு காசாக்குடிச் செப்பேட்டுல எழுதி இருக்குது, அதுல நம்ம ஊருக்குப் புள்ளலூர்னுதான் பேரு. ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல கழிச்சி, 1780 செப்டம்பர் 10ஆம் தேதி ஐதர் அலியும் திப்புவும் வெள்ளக்காரக் கர்னல் பெய்லிய இதே பக்கத்துல சுத்தி வளச்சி அடிச்சாங்க. வெள்ளக்காரன் வாயில நொழையாம பொள்ளிலூர்னு எழுதிட்டான். ஸ்ரீரங்கப்பட்டணத்துல தரியா தௌலத் மாளிகை சொவத்துல அந்தச் சண்டைய பெரிய படமா எழுதி வெச்சிருக்குது. பாக்க வர்றவனுக்கெல்லாம் இன்னிக்கும் நம்ம ஊரு பொள்ளிலூருதான். 1781லயும் இங்கயே ஒரு சண்ட, அதுல செத்த வெள்ளக்கார அதிகாரிங்க ரெண்டு பேருக்குத் தூணு நிக்குது. ஊரக் கேட்டுக்கினா பேரு வெச்சான் வெள்ளக்காரன்? ஒரே ஊரு, வர்றவனுக்கு ஒரு பேரு. ஒங்க சர்வருக்கும் அதே கதிதான். ஒரே மெஷினுக்கு நாலு டொமைன் பேரு ஒட்டலாம். நாலு பேரும் நெசம். அதுல எது "என் விலாசம்"னு சர்வரு தானா எப்படி முடிவு பண்ணும்?

அதுக்கும் மேல ஒண்ணு இருக்குது. கிராமத்து விலாசத்துல "வழி"ன்னு ஒரு வரி எழுதுவாங்க, பாத்திருப்ப. அஞ்சல் புள்ளலூரு, வழி இன்ன ஊருன்னு. பை மொதல்ல அந்த ஊருக்குப் போவும், அங்க பிரிச்சி, நம்ம கெள ஆபீசுக்கு வரும். ஒங்க ஊர்ல அதுக்குப் பேரு ப்ராக்ஸி. இகோர் சிசோயேவ்னு ஒரு ருஷ்யாக்காரன் 2004ல வெளியில வுட்டானே என்ஜின்எக்ஸ், அதுதான் ஒங்க வழி. வெளியில 443ல எச்டிடிபிஎஸ்ஸா வாங்கி, பூட்டத் தொறந்து, உள்ள 8080ல வெறும் எச்டிடிபியா ஒங்க சர்வருகிட்ட தள்ளுது. சர்வரு பாவம், தனக்கு வந்ததெல்லாம் எச்டிடிபிதான்னு நெனச்சிக்கினு, வெளிய போற கடுதாசியிலயும் எச்டிடிபின்னே எழுதுது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வுடலன்றது இதுதான்.

இந்த எடத்துல ஒன் சிநேகிதன் மாட்டிக்கினத நான் நல்லா கேட்டேன். என்ஜின்எக்ஸு கன்ஃபிக்ல ப்ராக்ஸி-பாஸ்னு ஒரு வரி போட்டு, அதுக்கு நேரா உள்ள இருக்குற சர்வரு பேர எழுதிட்டு நிம்மதியா தூங்கிட்டான். என்ஜின்எக்ஸுக்குன்னு ஒரு கொணம் இருக்குது. நீ வேற மாதிரி சொல்லலன்னா, வெளியாளு கூப்புட்ட ஹோஸ்ட்டு பேர உள்ள அனுப்பாது. ப்ராக்ஸி-பாஸ்ல எழுதுன பேரத்தான் ஹோஸ்ட்டு ஹெடர்ல எழுதி அனுப்பும். கஸ்டமரு கூப்புட்டது கம்பெனி பேர, சர்வரு காதுல வுழுந்தது லோக்கல்ஹோஸ்ட் 8080. அத வெச்சி அது லிங்க்கு எழுதுனா கஸ்டமரு எங்க போவான்? ப்ராக்ஸி-செட்-ஹெடர்னு இன்னொரு வரி போட்டு, வந்தவன் சொன்ன ஹோஸ்ட்ட அப்படியே குடுன்னு சொல்லணும். எக்ஸ்-ஃபார்வேர்டட்-ப்ரோட்டோன்னு ஒண்ணு சேத்து, வெளியில பூட்டு இருந்துச்சு, எச்டிடிபிஎஸ்ஸுன்னும் சொல்லி அனுப்பணும். இது ஊரு வழக்கமா ஆளாளுக்கு எழுதிக்கினு இருந்தது. 2014ல ஆர்எஃப்சி 7239னு ஒழுங்கா சட்டம் போட்டு ஃபார்வேர்டட்னு ஒரே ஹெடரு குடுத்தாங்க. அப்பவும் நம்ம ஆளுங்க பழைய எக்ஸையே கட்டிக்கினு அழுவறாங்க. பழக்கம் வுடுமா?

பாதை இன்னொரு கூத்து. உள்ள சர்வருக்கு பாதை வெறும் சாய்கோடு. வெளியில வழி ஆளு அதுக்கு முன்னாடி /ஏபிஐ/ன்னு ஒரு வாலு ஒட்டி வெச்சிருப்பான். ஜாவா சர்வ்லெட்ல கான்டெக்ஸ்ட் பாத்துன்னு எழுந்திருக்கும்போதே ஒண்ணு கேட்டு வாங்கலாம், 2.5 வெர்ஷன்லேர்ந்து அந்த வசதி இருக்குது. அதுவும் உள்ளுக்குள்ள இருக்குற பாதைதான். ஒரே அப்ளிகேஷன ரெண்டு பாதையில வந்து தட்டலாம்னு அந்த வசதியோட குறிப்புலயே எழுதி இருக்குதாமே. படிச்சிருந்தா தெரியும்.

அப்ப சர்வருக்கு ஒண்ணுமே தெரியாதான்னு கேக்குற. தெரியும். வாசக்கதவு நெம்பரு தெரியும். அதுவும் வாசல்ல ஒக்காந்த அப்பாலதான் தெரியும். போர்ட்டு சைபர்னு குடுத்தா, எது காலியோ அதக் குடுன்னு அர்த்தம். லினக்ஸ் வழக்கமா 32768லேர்ந்து 60999க்குள்ள ஒண்ண எடுத்துக் குடுக்கும். எது குடுத்துச்சுன்னு கெட்சாக்நேம்னு கேட்டாத்தான் வெளிய வரும். கன்ஃபிக்கப் பாத்தா வெறும் சைபருதான் இருக்கும். ஸ்பிரிங் பூட்ல வெப்-சர்வர்-இனிஷியலைஸ்ட்னு ஒரு மணி அடிக்குமாம், அந்த மணி அடிச்ச அப்பால கேட்டா நெச நெம்பரு கெடைக்கும். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி போய் "எத்தினாவது கதவு"ன்னு கேட்டா, கதவே வெக்கல, இன்னாத்த சொல்லும்? அவசரக்காரனுக்கு ஆத்திரமும் ஜாஸ்தி, எரரும் ஜாஸ்தி.

அதுலயும் டாக்கருக்குள்ள இருந்தா 8080ன்றது உள்கதவு. வெளியில மாட்டி வெச்ச நெம்பரு வேற. உள்ள இருக்குறவனுக்கு அது தெரியவே தெரியாது.

சரி, இத்தினி தொல்லை இன்னாத்துக்குன்னு ஒங்க லீடு ஒரு யோசன சொன்னாராமே. "எழுந்த ஒடனே தேட வேணாம்பா. மொத ஆளு வர்ற வரைக்கும் சும்மா இரு. அவன் எந்தப் பேர சொல்லி கூப்புடுறானோ, அதையே நம்ம விலாசம்னு எழுதி வெச்சிக்கலாம்." ஆகா, இன்னா மூளை! பாதி சரி. எச்டிடிபி 1.0 காலத்துல ஒரு ஐபி நெம்பருக்கு ஒரு தளம். 1997ல 1.1 வந்தப்ப, வர்றவன் யாரைப் பாக்க வந்தேன்னு ஹோஸ்ட்டு ஹெடர்ல கட்டாயம் சொல்லணும்னு வெச்சாங்க. சொல்லலன்னா 400 போட்டு தொரத்தி வுடணும். அதனாலதான் ஒரே நெம்பர்ல நூறு தளம் குடியிருக்குது. அதனால வந்தவன் சொல்றதுல பேரு இருக்குது, நெசந்தான்.

ஆனா மொதல்ல வர்றவன் யாருன்னு நெனச்ச? கஸ்டமரா? லோடு பேலன்சரு வந்து "உயிரோட இருக்கியா"ன்னு நாடி புடிக்க வருவான். அவன் ஐபி நெம்பர சொல்லித்தான் கூப்புடுவான். ஒங்க சர்வரு அத நெஞ்சுல பச்ச குத்திக்கும். இல்லன்னா ஒரு திருட்டுப் பய வருவான். ஹோஸ்ட்டு ஹெடர்ல தன் தளத்துப் பேர எழுதிக்கினு வந்து, ஒன் கஸ்டமரு மெயில் ஐடிய குடுத்து, "எனக்கு பாஸ்வேர்டு மறந்துடுச்சு"ன்னு சொல்லுவான். ஒன் சர்வரு நல்ல புள்ளையா அந்தக் கஸ்டமருக்கு மெயில் போடும். லிங்க்குல இருக்குற ரகசியச் சாவி சரிதான், ஆனா தளத்துப் பேரு திருடனோடது. கஸ்டமரு அமுக்குனா சாவி நேரா திருடன் மடியில. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்கு மதி வேணாமா? வந்தவன் "நீ யாரு"ன்னு சொன்னத நம்பி, நீயும் "ஆமாங்க, நான் அதுதான்"னு கையெழுத்துப் போடுறியே!

இது கதை இல்ல. ஜாங்கோன்ற பைத்தான் சரக்குல இந்தத் தொல்லை வந்துதான், 2013ல 1.5 வெர்ஷன்லேர்ந்து அலவ்டு-ஹோஸ்ட்ஸ்னு ஒரு பட்டியல கட்டாயமாக்குனாங்க. பட்டியல்ல இல்லாத பேர சொல்லிக்கினு வந்தா, வாசல்லயே 400. டீபக்க அணைச்சிட்டு நெசமான வேலைக்கு வுடும்போது பட்டியல் காலியா இருந்தா தளமே ஓடாது. அந்த ஆளுங்களுக்கு புத்தி வந்த எடத்தப் பாத்தியா? சர்வரையும் கேக்கல, வந்தவனையும் நம்பல. எழுதி வாங்கிக்கினாங்க.

அதான் நைனா விசயமே. எழுதி வெச்சாத்தான் விலாசம். விலாசம் யாருக்குத் தெரியும்? வூடு கட்டுன கொத்தனாருக்குத் தெரியாது. வூட்டுக்கும் தெரியாது. கட்டச் சொன்னவனுக்கும் ஊருக்கும் தெரியும். டொமைன் வாங்குனவன், சர்டிபிகேட்டு எடுத்தவன், ப்ராக்ஸிய நிறுத்துனவன் — இவனுங்கதான் ஒங்க ஊரு. அவங்கிட்ட கேட்டு, கன்ஃபிக்ல ஒரே ஒரு வரி எழுது. பேரு பேஸ்-யூஆர்எல்லோ பப்ளிக்-யூஆர்எல்லோ, இன்னா வேணா வெச்சிக்க. எச்டிடிபிஎஸ்லேர்ந்து பாதை வரைக்கும் முழுசா. அத கோடுக்குள்ள எழுதாத, வெளியில என்விரான்மென்ட் வேரியபிள்ல எழுது. ஹெரோகு கூட போர்ட்ட அப்படித்தான் வெளியிலேர்ந்து குடுக்குறான்.

கோடுக்குள்ள எழுதுனா இன்னான்னு முனகுற. சொல்றேன். நான் வேலைக்கு சேந்தப்ப நம்ம ஊரு செங்கல்பட்டு மாவட்டம். அதுக்கும் முன்னாடி ராஜ்யத்துக்குப் பேரு மதராஸ், 1969 பொங்கலுக்குத்தான் தமிழ்நாடுன்னு மாறுச்சு. 1972 சுதந்திர தினத்தன்னிக்கு பின்கோடுன்னு ஆறு நெம்பர கொண்டாந்து ஒட்டுனாங்க, நம்ம பக்கத்துக்கு மொத நெம்பரு ஆறு. நடுவுல எம்ஜிஆர் பேர சேத்து செங்கை எம்ஜிஆர் மாவட்டம். 1997ல பிரிச்சி காஞ்சிபுரம் மாவட்டம். 2019ல செங்கல்பட்டு தனியா கழண்டுக்கிச்சு, நாம காஞ்சிபுரத்தோடயே நின்னுட்டோம். ஊரு ஒரு அடி நகரல நைனா. ஏரி அங்கயேதான், களத்துமேடு அங்கயேதான். விலாசம் மட்டும் சட்ட மாத்திக்கினே இருந்துச்சு. பழைய விலாசத்த ரப்பர் ஸ்டாம்பா செஞ்சி வெச்சவன்லாம் பேனாவால அடிச்சி அடிச்சி எழுதிக்கினு திரிஞ்சான்.

வேர்ட்பிரஸ்ல சைட்-யூஆர்எல், ஹோம்னு ரெண்டு வரிய டேட்டாபேசுல எழுதி வெச்சிக்குது. நல்லதுதான், எழுதித்தான் வெச்சிருக்குது. ஆனா தளத்த வேற பேருக்கு மாத்துனவன் இத மாத்த மறந்துட்டான்னு வெச்சிக்க, புது வாசல்ல வர்றவன எல்லாம் "பழைய வூட்டுக்குப் போ"ன்னு கையப் புடிச்சி அனுப்பிடும். அதனால எங்க எழுதுனோம்ன்றது ஊருக்கே தெரியணும். ஒரே எடத்துல இருக்கணும். மாத்துறதுக்குக் கோட தொறந்து கட்டுமானம் பண்ண வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

இதுல ஒரு சின்ன நுணுக்கம் இருக்குது, பெரியவன் சொல்றேன், கேட்டுக்க. வெளியாளுக்கு ஒரு விலாசம், உள்ளாளுக்கு ஒண்ணு. ஒங்க சர்வீசுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்க யுரேகாவுலயோ கான்சல்லயோ பேரு பதிஞ்சிக்குது பாரு, அங்க உள் ஐபியும் உள் போர்ட்டும் குடுத்தாத்தான் சரி. அங்க மட்டும் அந்த ஆராய்ச்சிக்காரன் செஞ்ச வேலை ஒதவும். கொல்லப்பக்கமா வர்றவனுக்கு கொல்லக்கதவ காட்டு, அதுல தப்பில்ல. கல்யாணப் பத்திரிகையில மட்டும் கொல்லக்கதவ அச்சடிக்காத.

தமிழ்லயே விலாசம் வெச்சவங்களுக்கு இன்னொரு சங்கதி. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர்னு மூணு முடிவு இருக்குது, 2010லயும் 2011லயும் வந்தது. தமிழ்ல அழகா எழுதி கன்ஃபிக்ல வெச்சிடுவ. ஆனா பிரவுசரு கூப்புடும்போது தமிழ்ல கூப்புடாது. எக்ஸ்என்னு ஆரம்பிச்சி, ரெண்டு கோடு போட்டு, வாயில நொழையாத இங்கிலீசு எழுத்தா மாத்தி ஹோஸ்ட்டு ஹெடர்ல அனுப்பும். அனுமதிப் பட்டியல்ல அந்த உருவத்தையும் எழுதி வை. இல்லன்னா ஒன் தமிழு ஒன் வாசல்லயே நின்னுக்கினு இருக்கும்.

எழுதிட்டா மட்டும் போதுமா? பெய்லி துரைக்கு விலாசம் தெரியாமயா போச்சு? குண்டூர்லேர்ந்து படைய கூட்டிக்கினு வந்தான். சேர வேண்டிய ஜெனரல் மன்றோ காஞ்சிபுரத்துல இருக்கான்னு நல்லாவே தெரியும். நடுவுல கொசஸ்தலை ஆத்து வெள்ளம் பல நாளு மடக்கிச்சு, அப்பால ஐதரு வழிய அடச்சிக்கினான். ஒரு நாள் நடைக்கும் கொறச்சலான தூரத்துல மன்றோ இருக்கும்போதே, நம்ம மண்ணுல வெடிமருந்து வண்டிங்க பத்திக்கிச்சு. பெய்லி மாட்டிக்கினு ஸ்ரீரங்கப்பட்டணத்து ஜெயில்லயே 1782ல செத்தான். மன்றோ கனமான பீரங்கியெல்லாம் காஞ்சிபுரத்துக் கொளத்துல தள்ளிட்டு செங்கல்பட்டுக்கு ஓடுனான். விலாசம் சரியா இருந்துச்சு, வழி தொறந்து இல்ல. ஃபயர்வால்னு நீ சொல்ற சமாச்சாரத்த ஐதர் அலி அன்னிக்கே கட்டிட்டான்.

அதனால சர்வர எழுப்புன அப்பால, வெளியிலேர்ந்து அந்த முழு விலாசத்துக்கே ஒரு தரம் போய்த் தட்டிப் பாரு. உள்ளேர்ந்து தட்டுனா கணக்குல சேராது. ஒன் போன்ல வைஃபைய அணைச்சிட்டு, மொபைல் டேட்டாவுல தட்டு. பதில் வந்தாத்தான் வேலை முடிஞ்சிச்சு. நான் வேல பாத்தப்ப புது வூட்டுக்காரங்கிட்ட சொல்லுவேன், ஒன் பேருக்கு நீயே ஒரு கார்டு போடு, வந்து சேருதான்னு பாப்போம்னு. பதினஞ்சு பைசா கார்டு, வழக்கு தீந்துடும்.

கடைசியா, எழுதலன்னா இன்னா பண்றதுன்னு. ஒங்க ஆளுங்களுக்குத் தாராள மனசு, கன்ஃபிக் காலியா இருந்தா லோக்கல்ஹோஸ்ட்டுன்னு தானா போட்டுக்கச் சொல்லி எழுதி வெச்சிருக்கீங்க. அந்த எடத்துலதான் நாசம். ஒங்க டெஸ்ட் மெஷின்ல எல்லாம் பச்ச பச்சையா ஓடும். தீபாவளி ஆஃபர் மெயிலு லட்சம் பேருக்குப் போன அப்பால, லட்சம் பேரும் தன் லேப்டாப்பையே தட்டிக்கினு ஒக்காந்திருப்பான். காலியா இருந்துச்சுன்னா சர்வரு எழுந்திருக்கவே கூடாது. "விலாசம் எழுதல, போய் எழுதிக்கினு வா"ன்னு லாக்குல ஒரு வரி கத்திட்டு படுத்துடணும். எழுதி இருந்தா, எந்த விலாசத்துல எழுந்தேன்னு மொத வரியிலயே லாக்குல சொல்லணும். ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கக் கலக்கத்துல பாக்குறவன் ஒன்னிய வாழ்த்துவான்.

ஆச்சு, இதான் சங்கதி. போர்ட்ட சர்வருகிட்ட கேளு. விலாசத்த அத நிறுத்துனவங்கிட்ட கேளு. வந்தவன் சொல்றத பட்டியல வெச்சி சரிபாரு. எழுதாத சர்வர எழுப்பாத. இந்த நாலையும் நாளைக்கு மீட்டிங்ல சொல்லும்போது, புள்ளலூரு தாத்தா சொன்னாருன்னு மட்டும் சொல்லித் தொலைக்காத. "ஆர்க்கிடெக்சர் டிசிஷன்"னு சொல்லு. அப்பத்தான் இன்கிரிமென்ட் போடுவான்.